வல்லுநராட்சி: யார் கையில் முடிவு, யாரிடம் கணக்கு?

டெக்னாக்ரசி, வல்லுநராட்சி, நிபுணர் ஆட்சி என்றெல்லாம் இன்று எழுதுகிறார்கள். ஆனால் எல்லோரும் ஒரே விஷயத்தைச் சொல்வதில்லை. கட்சி சாராத பொருளாதாரப் பேராசிரியர் ஒரு நாட்டுக்குப் பிரதமரானால் அதற்கும் இந்தப் பெயர்தான். ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றினாலும் இதே பெயர். சிங்கப்பூரையும் சீனாவையும் பற்றிப் பேசும்போதும் இந்தச் சொல் வந்துவிடுகிறது. ஊருக்குள் ஒரு பெரிய திட்டம் வரும்போது "இன்ஜினீயர்கள் பார்த்துக்கொள்வார்கள், நமக்கென்ன தெரியும்" என்று விட்டுவிடும் பழக்கத்தையும் இதில் சேர்க்கலாம். ஒருவர் பாராட்டாகச் சொல்வதை இன்னொருவர் வசையாகச் சொல்கிறார்.

வாதத்தில் இறங்கும் முன் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். அதற்கு மூன்று கேள்விகள் போதும். அந்த வல்லுநரை அமர்த்தியது யார்? அவரை இறக்கக்கூடியவர் யார்? அவர் போட்ட கணக்கில் யாருடைய நட்டம் சேராமல் விடுபட்டது? முதல் இரண்டையும் அரசியல் பேசுபவர்கள் எப்படியும் கேட்டுவிடுவார்கள். மூன்றாவதுதான் அபூர்வமாகக் கேட்கப்படுகிறது. வட்டிக் கணக்கிலும் கண்மாய்க் கணக்கிலும் பழகிய செட்டிநாட்டுக்காரர்களுக்கு அந்தக் கேள்வியின் எடை சீக்கிரம் புரியும். இந்தக் கட்டுரையில் உள்ளூர் உதாரணங்களுக்கு அதிக இடம் கொடுத்திருப்பது அதனால்தான்.

பெர்க்லியில் தொடங்கியது

கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி ஸ்மித் என்ற பொறியாளர் 1919-ல் இந்தச் சொல்லைப் பயன்படுத்திக் கட்டுரைகள் எழுதினார். முதல் உலகப் போர்க் காலத்தில் தொழிற்சாலைகளையும் ரயிலையும் நிலக்கரியையும் ஒரே திட்டத்தின்கீழ் ஓட்டிய அனுபவம் அப்போது புதிது. ஸ்மித்தின் எண்ணத்தில் ஆட்சி மக்களுடையது. விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் மக்களுக்கு வேலை செய்பவர்கள். பின்னால் வந்தவர்கள் இந்த முதல் பாதியை விட்டுவிட்டார்கள்.

அப்படி விட்டவர்களில் முக்கியமானவர் ஹோவர்ட் ஸ்காட். பெருமந்தம் உச்சத்தில் இருந்த 1932-33-ல் அவருடைய இயக்கம் அமெரிக்கப் பத்திரிகைகளின் முதல் பக்கங்களைப் பிடித்தது. பணமும் விலையும் பொய், எரிசக்தி ஒன்றுதான் உண்மையான அளவு என்பது அதன் வாதம். கண்டம் முழுவதும் ஓராண்டில் செலவாகும் எரிசக்தியை அளப்பது, அதைக் குடிமக்களுக்குச் சமமாகப் பங்கிட்டு எரிசக்திச் சான்றிதழாகக் கொடுப்பது, எந்தப் பொருளை வாங்கினாலும் அதைச் செய்யச் செலவான சக்தியைச் சான்றிதழில் கழிப்பது என்று திட்டம் போட்டார்கள். சான்றிதழைச் சேர்த்துவைக்க முடியாது, பிறருக்குக் கொடுக்க முடியாது, காலம் முடிந்தால் செல்லாது. ஆகவே கடனும் இல்லை, வட்டியும் இல்லை. தேர்தலும் வேண்டாம், ஒவ்வொரு தொழில் துறையையும் அந்தத் துறையின் பொறியாளர்களே நடத்துவார்கள்.

அந்த வேகம் நீடிக்கவில்லை. ஸ்காட் சொல்லிக்கொண்ட பொறியியல் தகுதியைப் பத்திரிகையாளர்கள் விசாரித்தபோது அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆய்வுக்கு இடம் கொடுத்திருந்த கொலம்பியா பல்கலைக்கழகம் 1933 ஜனவரியில் விலகிக்கொண்டது. அதே மாதம் அவர் வானொலியில் ஆற்றிய உரையும் எடுபடவில்லை. இயக்கம் மட்டும் 'டெக்னாக்ரசி இன்கார்ப்பரேட்டட்' என்ற அமைப்பாகத் தொடர்ந்தது. பின்னாளில் பெட்ரோலிய உற்பத்தி உச்சத்தைத் தொட்டு இறங்கும் என்று கணித்துப் புகழ்பெற்ற நிலவியலாளர் கிங் ஹப்பர்ட் அதன் ஆரம்பக் காலத்தில் முக்கியப் பங்காற்றியவர். 1940-ல் கனடா அந்த அமைப்பைத் தடை செய்து 1943-ல் தடையை நீக்கியது.

ஆளை விடுவோம், திட்டத்தைப் பார்ப்போம். ஒரு ஜோடிச் செருப்புக்கு எவ்வளவு நிலக்கரி செலவாகும் என்று எரிசக்திக் கணக்கு சொல்லிவிடும். அந்தச் செருப்பு யாருக்கு வேண்டும், அதற்குப் பதில் புத்தகம் வேண்டுமா என்பதை அது சொல்லாது. விலை என்ற ஏற்பாட்டில் எத்தனை கோளாறு இருந்தாலும், ஜனங்களின் விருப்பம் அதில் ஓரளவு பதிவாகிறது. விலையையும் எடுத்துவிட்டு, தேர்தலையும் எடுத்துவிட்டால், ஜனங்களுக்கு என்ன வேண்டும் என்பது மேலே இருப்பவர்களுக்குத் தெரிய வழியே கிடையாது. பொறியாளர்கள் எவ்வளவு நேர்மையானவர்களாக இருந்தாலும் இந்த ஓட்டை அடைபடாது.

இத்தாலி: கணக்கில் விடுபட்டவர்கள்

இன்று உலகச் செய்திகளில் இந்தச் சொல் அதிகம் வருவது இத்தாலியை வைத்துத்தான். கட்சிகளால் ஆட்சி நடத்த முடியாமல் போகும்போது ஜனாதிபதி வெளியிலிருந்து ஒருவரை அழைத்து அரசு அமைக்கச் சொல்வது அங்கே வழக்கமாகவே ஆகிவிட்டது. 1993-ல் மத்திய வங்கித் தலைவர் சியாம்பி, 1995-ல் லம்பெர்த்தோ தீனி, 2011-ல் பொருளாதாரப் பேராசிரியர் மரியோ மோந்தி, 2021-ல் ஐரோப்பிய மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் மரியோ திராகி என வரிசை நீளும். கிரீஸில் 2011 நவம்பரில் லூகாஸ் பாபதேமோஸ் இப்படித்தான் பிரதமரானார்.

இந்த அரசுகள் ஜனநாயகத்துக்கு வெளியே நின்றவை என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. மோந்தியின் அமைச்சரவையில் கட்சிக்காரர் ஒருவர்கூட இல்லை. ஆனால் நாடாளுமன்றத்தின் நம்பிக்கை வாக்கைப் பெற்றே அவர் ஆட்சி செய்தார்; கட்சிகள் கையை விரித்திருந்தால் மறுநாளே போயிருப்பார். அமர்த்தியது யார், இறக்கக்கூடியவர் யார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அங்கே பதில் இருந்தது. சிக்கல் மூன்றாவதில் வந்தது.

2011 டிசம்பரில் அந்த அரசு ஓய்வூதிய வயதைச் சட்டென்று உயர்த்தியது. கடன் நெருக்கடியில் கஜானா காலியாகும் நிலையில் கணக்குப்படி அது தேவைதான். அறிவித்த அமைச்சர் எல்சா ஃபோர்னேரோ ஓய்வூதியப் பொருளாதாரத்தையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டவர். அறிவிக்கும்போது கண் கலங்கிப் பேச்சு நின்றுபோனது. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு கூட்டம் விடுபட்டது. இன்னும் சில வருஷத்தில் ஓய்வூதியம் வந்துவிடும் என்ற நம்பிக்கையில், நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டு முன்கூட்டியே வேலையை விட்டவர்கள் அவர்கள். வயது வரம்பு தள்ளிப்போனதும் சம்பளமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. அரசு முதலில் 65 ஆயிரம் பேர் என்றது. 2012-ல் சமூகக் காப்புறுதி நிறுவனத்தின் கணக்கு வெளியானபோது எண்ணிக்கை 3 லட்சத்து 90 ஆயிரம் என்று வந்தது. அவர்களுக்காக அடுத்தடுத்துத் தனிச்சட்டங்கள் போட வேண்டியதாயிற்று.

உள்ளூரில் கட்சி நடத்துகிறவனிடம் இப்படிப்பட்டவர்கள் முதல் வாரமே வந்து நின்றிருப்பார்கள். வல்லுநர் அரசுக்கு அந்த வாசல் கிடையாது. அதன் தகவல் புள்ளிவிவரத் துறையிலிருந்து வருகிறது. புள்ளிவிவரத்தில் தனித் தலைப்பு இல்லாத மனிதர்கள் அதன் கண்ணில் படுவதில்லை. 2013 பிப்ரவரித் தேர்தலில் மோந்தியின் அணிக்குக் கிடைத்தது ஏறத்தாழ 10 சதவீத வாக்கு. முதல் முறை நாடாளுமன்றத் தேர்தலில் நின்ற ஐந்து நட்சத்திர இயக்கம் 25 சதவீதத்தைத் தொட்டது.

மற்ற நாடுகளை வேகமாகப் பார்த்துவிடலாம். சீனாவில் 2002-ல் அமைந்த கம்யூனிஸ்ட் கட்சி அரசியல் தலைமைக் குழுவின் நிலைக்குழுவில் இருந்த 9 பேருமே பொறியியல் படித்தவர்கள். ஆனால் கட்சி ஏணியில் ஏறி வந்தவர்கள். ஆகவே அதைப் பொறியாளர் ஆட்சி என்பதைவிடப் பொறியாளர்களைக் கொண்ட கட்சி ஆட்சி என்பதே பொருந்தும். வங்கதேச அரசியல் சட்டத்தில் அமைச்சர்களில் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் நாடாளுமன்ற உறுப்பினர் அல்லாதவர்களைச் சேர்த்துக்கொள்ள இடம் வைத்திருந்தார்கள்; அப்படி வந்தவர்களை அங்கே 'டெக்னோகிராட் அமைச்சர்' என்றே அழைத்தார்கள்.

இந்தியாவில் எந்த வடிவம்?

நம் அரசியல் சட்டம் வல்லுநருக்கு ஆறு மாதக் கதவு ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறது. பிரிவு 75(5)-ன்படி எந்த அவையிலும் உறுப்பினராக இல்லாத ஒருவர் மத்திய அமைச்சராகலாம். தொடர்ந்து ஆறு மாதத்துக்குள் உறுப்பினராகாவிட்டால் பதவி போய்விடும். மாநிலத்துக்கு இதே விதி 164(4)-ல் இருக்கிறது. 1991 ஜூனில் நிதியமைச்சரான மன்மோகன் சிங் இந்தக் கதவு வழியாக வந்தவர்தான். அக்டோபரில் அசாமிலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்வானார்.

கலெக்டரையும் செயலாளரையும் வல்லுநராட்சி என்ற கணக்கில் சேர்ப்பது தவறு. ஐஏஎஸ் அதிகாரி இன்று வேளாண்மை, நாளை கைத்தறி, மறுநாள் சுற்றுலா என்று மாறுகிறவர். நிர்வாகம் அவர் தொழில்; ஒரு துறை அறிவு அல்ல. அவர் கீழே வேலை பார்க்கும் செயற்பொறியாளரிடம்தான் துறை அறிவு இருக்கிறது. ஆனால் முடிவு அந்தப் பொறியாளர் கையில் இல்லை. நம் நாட்டில் நடப்பது அதிகாரவர்க்க ஆட்சி என்று குறை சொல்லலாம். வல்லுநராட்சி என்று சொல்ல முடியாது.

வல்லுநர் அறிவு நாட்டுக்கு நிஜமாகப் பலன் தந்த இடத்தைத் தேடினால் 1960-களின் வேளாண்மைக்குப் போக வேண்டும். 1964-ல் மத்திய உணவு, வேளாண் அமைச்சரான சி. சுப்பிரமணியம் வக்கீலுக்குப் படித்த அரசியல்வாதி. எம்.எஸ். சுவாமிநாதனும் மற்ற விஞ்ஞானிகளும் மெக்சிகோவின் குட்டைரகக் கோதுமையைப் பரிந்துரைத்தார்கள். நிதி அமைச்சகத்திலும் திட்டக் குழுவிலும் எதிர்ப்பு இருந்தது. உர மானியத்துக்கும் விதை இறக்குமதிக்கும் அந்நியச் செலாவணி கேட்டு அமைச்சரவையில் சண்டை போட்டவர் அமைச்சர். அவருடைய டெல்லி பங்களாவின் புல்தரையிலேயே அந்தக் கோதுமை பயிரானது. 1966-ல் 18 ஆயிரம் டன் விதை வந்து இறங்கியது. விதையைப் பற்றிச் சொன்னது விஞ்ஞானி. பொறுப்பேற்று நின்றது அரசியல்வாதி. 1967 தேர்தலில் அவர் தோற்றார். அந்தத் தோல்விக்கு வேறு காரணங்கள் இருந்தன. ஆனாலும் தோற்கடிக்கப்படக்கூடிய ஒருவர் பொறுப்பில் இருந்தார் என்பதே இந்த ஏற்பாட்டின் பலம்.

காரைக்குடியில் இதற்கு இன்னொரு வடிவம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14-ல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அது. சிக்ரி என்றால்தான் ஊரில் தெரியும். இரும்பு எங்கே எவ்வளவு வேகமாக அரிக்கும் என்று நாடு முழுவதும் அளந்து வரைபடம் போட்டது அந்த நிறுவனம். கடல் காற்றில் உலோகம் என்னாகிறது என்று பார்க்க மண்டபத்தில் சோதனை நிலையமும் வைத்திருக்கிறது. கம்பியில் இத்தனை மில்லிமீட்டர் போய்விட்டது, இந்தப் பூச்சு இத்தனை காலம் தாங்கும் என்பது அதன் பேச்சு. பாலத்தை எப்போது மூடுவது, மாற்றுப் பாதைக்கு யார் செலவழிப்பது என்பது அதன் பேச்சல்ல. இந்த எல்லை தெளிவாக இருப்பதால்தான் அதன் அளவீடுகள் மேல் எல்லாத் தரப்புக்கும் நம்பிக்கை இருக்கிறது.

மொகல் தெருவிலிருந்து மும்பை வரை

இன்றைய இந்தியாவில் வல்லுநராட்சிக்கு மிக நெருங்கி நிற்பது ரிசர்வ் வங்கியின் பணக் கொள்கைக் குழு. 2016 சட்டத் திருத்தத்தின்படி 6 பேர்: வங்கித் தரப்பில் 3, அரசு அமர்த்துவது 3. வாக்கு சமமானால் ஆளுநருக்குக் கூடுதல் வாக்கு உண்டு. பணவீக்கம் 4 சதவீதம், மேலும் கீழும் 2 விட்டுக்கொடுக்கலாம் என்று இலக்கை நிர்ணயிப்பது அரசு. அந்த இலக்கை எட்ட வட்டியை எங்கே வைப்பது என்பது குழுவின் வேலை. கூட்டம் முடிந்த 14-வது நாள் யார் எப்படி வாக்களித்தார் என்ற குறிப்பு வெளியாக வேண்டும். தொடர்ந்து 3 காலாண்டுகள் இலக்கைத் தவறவிட்டால் ஏன் தவறியது, எப்போது சரியாகும் என்று அரசுக்கு எழுத்தில் விளக்கம் தர வேண்டும். 2022-ல் அப்படித் தவறியது. நவம்பரில் விளக்கம் போனது. அது பொதுமக்களுக்கு வெளியிடப்படவில்லை. வாக்குகளை வெளியிடும் ஏற்பாடு, தவறுக்கான விளக்கத்தை மட்டும் மூடிவைப்பது நியாயமாகத் தெரியவில்லை.

வட்டியைக் குழுவாகக் கூடித் தீர்மானிப்பது செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. பர்மாவில் தொழில் நடத்திய நகரத்தார், ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள். தங்களுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு அதுவே அடிப்படை. நெல் அறுவடை, ஆலைகளின் தேவை, சென்னையிலிருந்து வரும் பணம் எல்லாம் தெரிந்தவர்கள் அமர்ந்த சபை அது. அவர்களின் தொழில் அறிவை எந்த மத்திய வங்கியோடும் வைத்துப் பேசலாம்.

கடைக்குள்ளும் கட்டுப்பாடு பலமாக இருந்தது. முதலாளி கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ இருப்பார். அங்கே கடையை நடத்தும் மேலாளுக்கு முக்தியார் என்ற அதிகாரப் பத்திரம் கொடுத்து அனுப்புவார்கள். அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன். வழக்கமாக மூன்று வருஷத் தவணை. கடன் கொடுப்பது, மறுப்பது, ஈடு பிடிப்பது எல்லாம் மேலாள் முடிவு. ஆனால் ஐந்தொகை என்ற வரவு செலவு இருப்புக் கணக்கு ஊருக்கு வந்தாக வேண்டும். தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். அடுத்த தவணைக்கு வேறு ஆள் போய் ஏட்டைப் பிரித்துப் பார்ப்பார். முழு அதிகாரம், குறிப்பிட்ட காலம், எழுத்தில் கணக்கு, அடுத்தவரின் தணிக்கை என்ற நான்கும் ஒன்றாக இருந்தன. வல்லுநரிடம் அதிகாரத்தை ஒப்படைக்க இதைவிட நல்ல ஏற்பாடு எளிதில் கிடைக்காது.

இருந்தும் அது எங்கே தவறியது? 1930-ல் உலக மந்தத்தில் நெல் விலை ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. பர்மிய விவசாயியால் அசலும் கட்ட முடியவில்லை, வட்டியும் கட்ட முடியவில்லை. ஈடாக வைத்த நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் விளைநிலத்தில் 6 சதவீதம் நகரத்தார் வசம் இருந்தது. 1937-ல் அது 25 சதவீதம், ஏறத்தாழ 25 லட்சம் ஏக்கர். நிலம் வாங்குவது அவர்கள் நோக்கமாக இருக்கவில்லை. கடன் வசூலாகாததால் வந்த நிலம். ஆனால் நிலத்தை இழந்தவனுக்கு அந்த விளக்கம் எதற்கு உதவும்? 1941-ல் நிலம் கைமாறுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1942-ல் ஜப்பானியப் படையெடுப்பில் ஆயிரக்கணக்கானோர் நடந்தே ஊர் வந்து சேர்ந்தார்கள். 1948-ல் நிலம் தேசியமயமானது. செட்டிநாட்டின் எத்தனையோ பெரிய வீடுகள் பூட்டிக் கிடப்பதற்கு இந்தக் கடைசி நிகழ்வுகளும் ஒரு காரணம்.

மொகல் தெருக் கூட்டத்தில் கணக்குப் பிழை இருந்ததாகச் சொல்ல முடியாது. அங்கே உட்கார்ந்திருந்த யாரும் கடன் வாங்கிய உழவனின் சார்பில் பேச வந்தவரல்ல. நடப்பு வட்டி யாருடைய நாற்றங்காலுக்குப் போய் முடிந்ததோ, அவனிடமிருந்து சபைக்குத் திரும்பி வர வழி இருக்கவில்லை. மேலாள் முதலாளிக்குக் கணக்குச் சொன்னார். முதலாளிகள் தங்களுக்குள் ஒருவருக்கொருவர் கணக்குச் சொன்னார்கள். அந்த வட்டத்துக்கு வெளியே போன கணக்கு எதுவும் இல்லை. சமூகத்தைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அறிவும் நாணயமும் முழுமையாக இருந்த ஓர் ஏற்பாட்டிலும் இது நடந்தது என்பதாலேயே இது கவனத்துக்குரியது.

ஒரு அடிக் கலுங்கு

இனி கண்ணெதிரே இருக்கும் ஒன்று. வற்றாத ஆறு இல்லாத இந்த மண்ணில் விவசாயம் கண்மாயை நம்பியது. தண்ணீர் வந்து சேரும் வரத்துக்கால், நீர் தேங்கும் உள்வாய், கரை, பாசனத்துக்குத் திறக்கும் மடை, நிரம்பிய நீர் வழிந்தோடும் கலுங்கு என்ற ஐந்தும் சேர்ந்ததுதான் கண்மாய். மேல்கண்மாய் நிரம்பிக் கலுங்கு பாய்ந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த கண்மாய்க்கு வரத்து. 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ளவை நீர்வளத் துறையின் பொறுப்பில், குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கின்றன.

"கலுங்கை ஒரு அடி உயர்த்திக் கொடுங்கள்" என்று ஆயக்கட்டுக்காரர்கள் கேட்பது சகஜம். அதை ஒரு மாதிரிக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். முழு நீர்மட்டத்தில் நீர் பரவும் பரப்பு 40 ஹெக்டேர் என்று வையுங்கள். அதாவது 4 லட்சம் சதுர மீட்டர். ஒரு அடி என்பது 0.3 மீட்டர். கூடுதலாகத் தேங்குவது 1 லட்சத்து 20 ஆயிரம் கன மீட்டர். ஒரு போகம் நெல்லுக்கு ஹெக்டேருக்குச் சுமார் 12 ஆயிரம் கன மீட்டர் தேவை என்று கொண்டால் காகிதத்தில் 10 ஹெக்டேர், அதாவது 25 ஏக்கர் கூடுதலாக விளையும். ஆவியாவதும் கசிவதும் போக ஆறு ஏழு ஹெக்டேர் தேறினால் நல்லது. அதுவும் கலுங்கு பாயும் அளவுக்கு மழை பெய்த வருஷத்தில் மட்டும். முக்கால் கண்மாயோடு நிற்கும் வருஷத்தில் கலுங்கு எவ்வளவு உயரமாக இருந்தாலும் ஒரு சொட்டுக் கூடாது.

அடுத்தது உள்வாய். நிலம் 500-க்கு 1 என்ற சரிவில் இருந்தால் 30 சென்டிமீட்டர் உயர்வு தண்ணீரை 150 மீட்டர் பின்னுக்குத் தள்ளும். அங்கே பட்டா நிலம் வைத்திருப்பவரின் பயிர் மார்கழி வரை தண்ணீருக்குள் நிற்கும். மூன்றாவது, கரை. முழு நீர்மட்டத்துக்கு மேல் கரை 1.2 மீட்டர் நின்றது என்றால் இப்போது 0.9 மீட்டர்தான். பெருமழையில் கலுங்கின் மேல் 60 சென்டிமீட்டர் ஓடினால் மீதி 30. காற்றில் அலையடித்தால் கரையின் உச்சி அரிக்கத் தொடங்கிவிடும். கலுங்கின் மேல் ஓடும் உயரத்தை 30 சென்டிமீட்டராகக் குறைக்க வேண்டுமானால் அதே வெள்ளத்துக்குக் கலுங்கின் நீளம் 2.8 மடங்கு வேண்டும். ஏனென்றால் வழிந்தோடும் அளவு உயரத்தின் ஒன்றரை அடுக்கில் மாறுகிறது. நான்காவது, கீழ்கண்மாய். அங்கே தண்ணீர் வருவது தாமதமாகும். நடுத்தர மழை வருஷத்தில் வராமலே போகலாம்.

பெரும்பாலும் கண்மாய் முன்போல நிற்காததற்குக் காரணம் கலுங்கின் உயரமே அல்ல. வண்டல் படிந்து கொள்ளளவு குறைந்திருக்கும். அலுவலகத்தில் இருக்கும் கொள்ளளவு அட்டவணை பல பத்தாண்டுகளுக்கு முந்தைய அளவையாக இருக்கும். தூர்வார வேண்டிய இடத்தில் கலுங்கை உயர்த்தினால் நோய் அப்படியே இருக்கும், கரைக்கு மட்டும் ஆபத்து கூடும்.

இந்த எண்களைப் பொறியாளர் மட்டுமே சொல்ல முடியும். ஓட்டெடுத்தால் கரையின் பலம் கூடாது. ஊர் கூடிப் பேசி, இரவோடு இரவாகக் கலுங்கின் மேல் மணல் மூட்டை அடுக்கி, மறுமழையில் கரை உடைந்த ஊர்கள் உண்டு. ஆனால் ஆயக்கட்டில் கூடுதல் நிலம் விளைய உள்வாய்க்காரரின் பயிர் மூழ்கலாமா, அவருக்கு ஈடு யார் தருவது, கீழ்கண்மாய்க்கு எத்தனை நாள் கழித்துத் தண்ணீர் விடுவது என்பதற்கு எந்தச் சூத்திரமும் இல்லை. அது மூன்று தரப்பும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியது. தமிழ்நாட்டில் 2000-ல் விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டம் வந்து, தண்ணீர் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைந்தது இதற்கு ஓர் இடம் வேண்டும் என்றுதான். அதிலும் உறுப்பினர் ஆவது பாசனம் பெறுகிறவர். தண்ணீரில் மூழ்குகிறவரின் குரலுக்குத் தனி இடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

கண்மாயில் இன்னொரு வல்லுநரும் உண்டு. மடையைத் திறந்து மூடும் நீர்பாய்ச்சி. எந்த மடை கசியும், எந்த வயலுக்குத் தண்ணீர் ஏற எத்தனை நாழிகை, எந்தக் கரையில் நண்டு வளை போட்டிருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. பழைய வழக்கில் அவருக்குக் கூலி அறுவடையில் நெல்லாக, ஆயக்கட்டு விவசாயிகளிடமிருந்தே. கடைமடைக்குத் தண்ணீர் சேராவிட்டால் களத்தில் அது தெரிந்துவிடும். அவருடைய அதிகாரம் பெரியது. ஆனால் கேள்வி கேட்பவர்கள் பத்தடி தூரத்தில் இருந்தார்கள்.

இருக்கை உண்டு, வாக்கு இல்லை

நகரங்களுக்கு அரசியல் சட்டமே ஒரு வழியைச் சொல்லியிருக்கிறது. 74-வது திருத்தம் சேர்த்த 243ஆர் பிரிவின்படி, நகராட்சி நிர்வாகத்தில் தனி அறிவோ அனுபவமோ உள்ளவர்களை மன்றத்தில் சேர்த்துக்கொள்ள மாநிலம் சட்டம் செய்யலாம். ஆனால் மன்றக் கூட்டத்தில் அவர்களுக்கு வாக்குரிமை கிடையாது. பேசலாம், எச்சரிக்கலாம், கணக்கைப் பதிவேட்டில் ஏற்றலாம். கை தூக்க முடியாது. 2024-ல் மாநகராட்சியான காரைக்குடி போன்ற ஊர்களுக்கு இது மிகப் பொருத்தமான ஏற்பாடு. ஊரணிகளின் வரத்து, பழைய வீடுகளின் கட்டுமானம், மண்ணரிப்பு ஆகியவற்றை அறிந்தவர்கள் இங்கேயே நிறைய இருக்கிறார்கள்.

அப்படி யாரும் மன்றத்தில் இல்லாத இடத்தில் குடிமக்களே கேட்டு வாங்க வேண்டும். எந்தத் திட்டத்துக்கும் விரிவான திட்ட அறிக்கை என்று ஒன்று இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாளில் பதில் தர வேண்டும். "திட்டம் பற்றிய தகவல் வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும். அறிக்கையின் நகல், அதில் பயன்படுத்திய நில அளவையின் ஆண்டு, வெள்ள அளவைக் கணக்கிட எடுத்த மழை, பரிசீலித்துக் கைவிட்ட மாற்று வழிகள், பராமரிப்புச் செலவை ஏற்பவர் யார் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். கிராமமானால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராமசபை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம் என்பதால் கண்மாய் விஷயத்தை அன்றைக்கு வைப்பது எளிது. பதிலை வாய்மொழியாக வாங்கிக்கொண்டு போகாமல் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைப்பது அவசியம்.

கையில் கிடைக்கும் அறிக்கையில் முதலில் புரட்ட வேண்டியது பயனாளிகள் பட்டியலுக்கு அடுத்த பக்கத்தை. எத்தனை ஏக்கர் பயன்பெறும், எத்தனை வீட்டுக்கு இணைப்பு என்று முன்பக்கத்தில் இருக்கும். யாருடைய நிலம், யாருடைய வரத்து, யாருடைய தொழில் எத்தனை நாள் பாதிக்கும் என்ற பட்டியல் அடுத்து இருக்க வேண்டும். அது இல்லையென்றால் அறிக்கையைத் தயாரித்த பொறியாளரிடமே கேட்கலாம். சொல்லக்கூடியவர்தான் அவர், அந்தக் கணக்கையும் போடு என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.